புல்வெட்டும் வண்டியின் டெக்: தேய்ந்த பாகங்களைச் சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஹையோவில் கொலம்பஸைச் சுற்றியுள்ள புறநகர்களில் வீடு வாங்கும் நம் ஆட்களுக்கு, வீட்டோடு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்லும் சேர்ந்தே வந்துவிடுகிறது. தள்ளிக்கொண்டு போகிற சின்ன மெஷின் கட்டுப்படியாகாது என்று, உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்றைப் பெரும்பாலும் பழையதாகப் பார்த்து வாங்குகிறார்கள். ஏப்ரலில் முதல் வெட்டு முடிந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணா, டெக்னு சொல்றீங்களே, அது வண்டியில எந்தப் பகுதி? அதுல என்னென்ன தேயும்?

வண்டியின் வயிற்றுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கவிழ்த்துவைத்த தாம்பாளம் மாதிரி தொங்குகிறதே, அந்த இரும்புக் கூடுதான் டெக். 42 அங்குல டெக்கில் பொதுவாக இரண்டு பிளேடு இருக்கும், 54 அங்குலத்தில் மூன்று. ஒவ்வொரு பிளேடும் ஒரு ஸ்பிண்டிலின் அடியில் மாட்டியிருக்கும். ஸ்பிண்டில் என்பது ஒரு உலோகக் கூடு, பல வண்டிகளில் அலுமினிய வார்ப்பு. அதற்குள் ஒரு ஷாஃப்ட், ஷாஃப்டைத் தாங்க மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங். ஷாஃப்டின் மேல் நுனியில் புல்லி. இன்ஜினிலிருந்து வரும் பெல்ட் இந்தப் புல்லிகளைச் சுற்றி ஓடும். பெல்ட் தொய்யாமல் இழுத்துப் பிடிப்பவை ஐட்லர் புல்லிகள்.

முதலில் தேய்வது பிளேடு, அப்புறம் பெல்ட், அப்புறம் பேரிங்கும் ஐட்லரும். டெக்கைத் தொங்கவிட்டிருக்கும் பின்களும், அவை நுழையும் வளையங்களான புஷ்களும், ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரங்களும் சத்தமில்லாமல் தேயும். தகடு தேய்வதைவிடத் துருப்பிடித்துப் போவதுதான் அதிகம்.

"டெக்கே போச்சு, புது வண்டி வாங்கிடுங்க"ன்னு கடையில சொல்றாங்க. வாங்கிடவா?

அவசரப்படாதீர்கள். டெக் என்பது ஒரே பாகம் இல்லை. எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கேளுங்கள். என் தெருவில் ஒருவருக்கு ஒரு கடையில் இதே பதிலைச் சொல்லி அனுப்பினார்கள். டெக்கை இறக்கிப் பார்த்தோம். இடது ஸ்பிண்டிலின் கீழ் பேரிங் உடைந்து குண்டுகள் வெளியே தெரிந்தன, மற்றபடி தகடு கல்லு மாதிரி இருந்தது. இரண்டு பேரிங்கும் சேர்ந்து இருபது டாலருக்குள் வேலை முடிந்தது. அந்த வண்டி இன்றும் ஓடுகிறது.

இந்த வண்டிகளின் டெக், பாகம் பாகமாகக் கழற்றி மாற்றுவதற்கென்றே அமைந்தது. நான் வேண்டாம் என்று சொல்வது ஒரே நிலையில்தான்: ஸ்பிண்டில் உட்காரும் இடத்தைச் சுற்றியுள்ள தகடு, திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும் அளவுக்கு அரித்துப்போயிருந்தால். அப்போதும் மாற்ற வேண்டியது டெக் கூட்டைத்தான், வண்டியை இல்லை.

கையை உள்ள விடவே பயமா இருக்கு சார். என்ன ஜாக்கிரதை வேணும்?

பயம் இருப்பது நல்லது. அமெரிக்கப் பாதுகாப்புத் தரம், பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்கிறது. அந்த உச்ச வரம்பை நம் கணக்கில் சொன்னால் மணிக்கு சுமார் 347 கிலோமீட்டர். இன்ஜின் நின்றிருந்தாலும் பிளேடைக் கையால் சுற்றும்போது ஒன்றைச் சுற்றினால் பெல்ட் வழியாக இன்னொன்றும் சுற்றும். விரல் நசுங்குவது பெரும்பாலும் அப்படித்தான்.

சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி ஒதுக்கிவையுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். தடிமனான தோல் கையுறை போடுங்கள். வெறும் ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்குக் கீழே தலையையோ கையையோ நீட்டவே கூடாது. வண்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு வேலை பாருங்கள்.

டெக்கைக் கழட்டாம, வண்டியைச் சாய்ச்சு வெச்சு வேலை பார்க்கலாமா?

வேண்டாம். சாய்த்தால் ஆயில் ஏர் ஃபில்டருக்குப் போகும், பெட்ரோல் ஒழுகும், வண்டி புரண்டால் ஆளுக்கே ஆபத்து. டெக்கைக் கழற்றுவது பார்க்கத்தான் பெரிய வேலை. டெக்கைக் கடைசி உயரத்துக்கு இறக்கி, பெல்ட்டை இன்ஜின் புல்லியிலிருந்து நழுவவிட்டு, நாலைந்து கொக்கிப் பின்களை எடுத்தால் டெக் தரையில் உட்கார்ந்துவிடும். பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளலாம். பழகினால் பதினைந்து நிமிடம். கழற்றும் முன் பெல்ட் எந்தப் புல்லிக்கு எந்தப் பக்கமாகப் போகிறது என்று போனில் நாலு படம் எடுத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அருமை தெரியும்.

எது தேஞ்சிருக்குன்னு எப்படித் தெரியும்? சத்தம் வருது, ஆனா எங்கிருந்துன்னு புரியல.

பெல்ட்டை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் சுற்றுங்கள். காது சொல்லாததைக் கை சொல்லிவிடும். நல்ல ஸ்பிண்டில் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றும். பேரிங் போயிருந்தால் அம்மியில் கல்லுப்பு அரைப்பதுபோல ஒரு நறநறப்பு விரலில் ஏறும். அடுத்து பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழுமாக அசையுங்கள். பிளேடு போல்ட் இறுக்கமாக இருந்தும் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஐட்லர்களையும் இப்படியே சுற்றிப் பாருங்கள். கிரீஸ் உள்ள ஐட்லர் ஓரிரு சுற்றில் நிற்கும். கிரீஸ் காய்ந்தது கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு நெடுநேரம் சுற்றும். அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள்.

வளைவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு அளவு போதும். டெக்கை வண்டியிலேயே வைத்து, சமதளமான தரையில் நிறுத்துங்கள். பிளேடின் ஒரு நுனியை நேர் முன்பக்கம் கொண்டுவந்து தரையிலிருந்து உயரத்தை அளங்கள். அரைச் சுற்று சுற்றி, அடுத்த நுனியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அளங்கள். வித்தியாசம் 1/8 அங்குலத்துக்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பிளேடு வளைந்திருக்கிறது, இல்லையென்றால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. நல்ல பிளேடு ஒன்றை மாட்டி அளந்தும் அதே வித்தியாசம் வந்தால் ஷாஃப்ட்தான்.

பிளேடை நானே சாணை பிடிக்கலாமா? எவ்வளவு கூர்மை வேணும்?

தாராளமாகப் பிடிக்கலாம். சுமார் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிடித்தால் நல்லது. முனை மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். வெட்டிய மறுநாள் புல்வெளி முழுக்க நுனி வெளிறித் தெரிந்தால் அதுதான் அடையாளம். அரம் போதும், கிரைண்டரும் ஆகும். பழைய சாய்வு எப்படி இருக்கிறதோ அதை மாற்றாமல் அப்படியே பிடியுங்கள். அரிவாள் பதம் வேண்டாம். அவ்வளவு மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே மடங்கிவிடும். கிரைண்டரில் விளிம்பு நீலம் பூத்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அதனால் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

பிடித்து முடித்ததும் சுவரில் அடித்த ஆணியில் நடு ஓட்டையால் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தேயுங்கள். இந்தச் சமநிலையைத் தவறவிட்டால் அதற்கு விலை கொடுப்பது பேரிங்.

பிளேடு லேசா வளைஞ்சிருக்கு. தட்டி நேராக்கிடலாம்ல? விரிசலை வெல்டிங் பண்ணிடலாம்ல?

இரண்டுக்கும் கூடாது என்பதுதான் பதில். டெக்கில் எதை வேண்டுமானாலும் சரிசெய்யுங்கள், பிளேடை மட்டும் தட்டவோ வெல்டிங் செய்யவோ செய்யாதீர்கள். மேலே சொன்ன வேகத்தில் அதிலிருந்து ஒரு துண்டு பறந்தால் டெக் தகடு அதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. இன்னொன்றும் பாருங்கள். பிளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி மடிந்து சிறகு மாதிரி நிற்குமே, அந்த மடிப்பு தொடங்கும் இடத்தை மணல் அரித்து மெலிதாக்கும். அங்கே தகடு காகிதம் போல ஆகியிருந்தாலோ கீறல் விழுந்திருந்தாலோ உடனே தூக்கிப் போடுங்கள். புதுசு மாட்டும்போது அந்தச் சிறகு டெக்கைப் பார்த்து மேலே நிற்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு 'புல்லே வெட்டல' என்று கூப்பிட்டவர்கள் உண்டு.

பிளேடு போல்ட் அசையவே மாட்டேங்குது.

பிளேடுக்கும் டெக்குக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துச் சுற்றவிடாமல் நிறுத்துங்கள். துரு கழற்றும் எண்ணெயை அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் நீளக் கைப்பிடியுள்ள ரெஞ்சால் ஒரே சீராக அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கம் சுற்றினால் கழறும் வழக்கமான வலது மரைதான், ஆனாலும் கையேட்டைப் பார்த்துவிட்டு பலம் போடுங்கள். திரும்ப மாட்டும்போது, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். பல 42 அங்குல டெக்குகளுக்கு 45 முதல் 55 அடி-பவுண்டு, சிலவற்றுக்கு 70 முதல் 90. உங்கள் வண்டிக்கு உரிய எண் கையேட்டில் இருக்கும்.

பேரிங் மட்டும் மாத்தினா போதுமா, ஸ்பிண்டிலையே முழுசா வாங்கணுமா?

கூடும் ஷாஃப்டும் நன்றாக இருந்தால் பேரிங் மட்டும் போதும். பழைய பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். பல டெக்குகளில் 6203 அல்லது 6204. முதலாவதன் உள் துளை 17 மில்லிமீட்டர், இரண்டாவது 20. இவை உலகம் முழுக்கப் பொதுவான அளவுகள், மோட்டாரிலும் பம்பிலும் போடுகிற அதே பேரிங். அதனால் புல்வெட்டி கம்பெனியின் டப்பாவில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பேரிங் கடையில் நல்ல தயாரிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

கூட்டைத் துடைத்துவிட்டு புதுப் பேரிங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். விரலுக்கே உள்ளே போய்விட்டால், பழைய பேரிங் சிக்கிக்கொண்டு கூட்டோடு சேர்ந்து சுற்றி, உட்காரும் இடத்தைத் தேய்த்துவிட்டது. அப்போது முழு ஸ்பிண்டில் வாங்குவதுதான் சரி. கூட்டில் விரிசல், ஷாஃப்டில் வளைவு, மரை அழிவு இருந்தாலும் அப்படித்தான். ரொம்ப மலிவாகக் கிடைக்கும் முழு ஸ்பிண்டில்களில் பேரிங் மட்டமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான் அதை வாங்கினால், மாட்டும் முன்னாலேயே உள்ளிருக்கும் பேரிங்கை எடுத்துவிட்டு நல்லதைப் போட்டுவிடுவேன்.

சரி, பேரிங் மாத்தறதை விவரமா சொல்லுங்க. பிரஸ் மெஷின் என்கிட்ட இல்லை.

பிரஸ் இல்லாமலே முடியும். மேல் நட்டை எடுத்து புல்லியைக் கழற்றுங்கள். நட்டைத் திரும்ப நாலு மரை ஏற்றி, அதன் மேல் மரக்கட்டை வைத்துத் தட்டினால் மரை நசுங்காமல் ஷாஃப்ட் கீழே இறங்கும். பிறகு பேரிங்கை உள்ளிருந்து சுற்றிச் சுற்றித் தட்டி வெளியேற்றுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கோணலாகி அலுமினியத்தைச் சுரண்டும்.

புதுப் பேரிங்கை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். கூட்டை ஹீட் கன்னால் கை பொறுக்காத சூடு வரும்வரை காட்டுங்கள். அலுமினியம் விரியும், பேரிங் சுருங்கும், பாதி வேலை தானாக முடியும். மீதிக்கு, பேரிங்கின் வெளி வளையத்தின் அளவுக்குச் சரியான ஒரு சாக்கெட்டை வைத்துத் தட்டுங்கள். கூட்டுக்குள் இறக்கும்போது அடி வெளி வளையத்தில் மட்டும்தான் விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் தடத்தில் குழி போடும். புதுப் பேரிங் முதல் நாளே நறநறக்கும். ஷாஃப்டை ஏற்றும்போது இதற்கு நேர்மாறாக உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுங்கள்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஷாஃப்டைச் சுற்றி ஒரு குழாய் துண்டு இருக்கும், ஸ்பேசர் என்பார்கள். இதை மறக்காதீர்கள். நான் முதன்முதலில் செய்த ஸ்பிண்டிலில் அதை விட்டுவிட்டேன். மேல் நட்டை இறுக்க இறுக்க இரண்டு உள் வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, குண்டுகள் நசுங்கின. இரண்டு மணி நேர ஓட்டத்தில் பேரிங் கருகிவிட்டது. நட்டை முழுக்க இறுக்கிய பிறகும் ஷாஃப்ட் விரலால் சுற்றினால்தான் வேலை சரி.

ஸ்பிண்டில்ல கிரீஸ் நிப்பிள் இருக்கு. வருஷா வருஷம் கிரீஸ் அடிக்கிறேன். அப்பவும் பேரிங் ஏன் போகுது?

பேரிங் எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் (2RS) என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உண்டு என்று பொருள். நீங்கள் அடிக்கும் கிரீஸ் நடுக்குழியை நிரப்பும், ரப்பரைத் தாண்டி குண்டுக்குப் போகாது. நிப்பிள் உள்ள கூட்டில் புதுப் பேரிங் போடும்போது, உள்பக்கம் பார்க்கிற ரப்பர் மூடியை மட்டும் மெல்லிய கத்தி முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். வெளிப்பக்க மூடி தூசியைத் தடுக்க அப்படியே இருக்கட்டும். அப்புறம் அளவாக அடியுங்கள். அளவு மீறினால் அழுத்தத்தில் வெளி மூடி பிதுங்கி, அந்த வழியாகவே மண் நுழையும். நிப்பிள் இல்லாத கூடு என்றால் இரண்டு மூடியையும் தொடாதீர்கள்.

மாசத்துக்கு ஒரு பெல்ட் தின்னுது. எந்த கம்பெனி பெல்ட் நல்லது?

பெல்ட்டை மாற்றிப் பலன் இல்லை, அதைத் தின்பவனைப் பிடியுங்கள். சிக்கிய ஐட்லர், வளைந்த புல்லி விளிம்பு, பெல்ட் வழுவாமல் காக்கும் கம்பி உரசுவது, புல்லிக்கு அடியில் அடைந்த புல், இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். பழைய பெல்ட்டே சாட்சி சொல்லும். ஒரு விளிம்பு மட்டும் பிசிறினால் புல்லிகள் ஒரே மட்டத்தில் இல்லை. ஒரே இடத்தில் கருகியிருந்தால், சுற்றாமல் நின்ற புல்லியில் பெல்ட் உரசியிருக்கிறது.

பெல்ட்டிலும் தரம் உண்டு. காருக்கும் ஃபேனுக்கும் போடுகிற பெல்ட் அளவு ஒத்தாலும் தாங்காது. டெக் பெல்ட் முன்னும் பின்னும் வளைய வேண்டும், திடீர் இழுவையைத் தாங்க வேண்டும். அராமிட் என்ற உறுதியான செயற்கை நார் வைத்த, புல்வெட்டிக்கென்றே செய்த பெல்ட்டை, சொன்ன நீளத்திலேயே வாங்குங்கள்.

பாகத்தோட நம்பர் எங்கே பார்க்கிறது? கிராஃப்ட்ஸ்மேன்னு போட்டிருக்கு, ஆனா யாரோ வேற கம்பெனி செஞ்சதுங்கறாங்களே?

சீட்டைத் தூக்கினால் மாடல் எண் தகடு இருக்கும். சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடைத்தொடர் விற்ற காலத்து கிராஃப்ட்ஸ்மேன் வண்டிகளை வேறு கம்பெனிகள் செய்து கொடுத்தன. எண்ணின் முதல் மூன்று இலக்கம் அதைச் சொல்லும்: 917 என்றால் பிறகு ஹஸ்க்வர்னாவிடம் போன தொழிற்சாலையின் வண்டி, 247 என்றால் எம்டிடி. அந்தந்தக் குடும்பத்துப் பாகம் பெரும்பாலும் பொருந்தும். முழு எண்ணைப் போட்டுப் பாகப் படத்தைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ஸ்பிண்டிலை டெக்கோட பிடிக்கிற திருகு சுத்திக்கிட்டே இருக்கு, இறுகல.

பல வண்டிகளில் புது அலுமினியக் கூட்டில் மரையே வெட்டியிருக்காது. திருகுதான் முதல்முறை மரையை வெட்டிக்கொண்டு இறங்கும். அதை, அடித்தடித்து முறுக்கும் இம்பாக்ட் மெஷினால் ஏற்றினால் கோணலாக இறங்கி அலுமினியம் உதிர்ந்துவிடும். கையால், நேராக, அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று இறக்குங்கள். மரை அழிந்துவிட்டால், துளைக்குள் செருகி புது மரையாகும் கம்பிச்சுருள் போடலாம், அல்லது இடம் இருந்தால் துளையை முழுக்க ஊடுருவி போல்ட்டும் நட்டும் போடலாம். இரண்டு, மூன்று துளை போயிருந்தால் புதுக் கூடுதான்.

டெக்குல துரு ஓட்டை. ஃபைபர் கிளாஸ் ஒட்டிடலாமா, வெல்டிங்தானா?

வெல்டிங்தான். டெக்குக்குள் கல் சீறி வந்து மோதும், பசையும் ஃபைபரும் அதற்குத் தாங்காது. ஓட்டையை அலட்சியமும் செய்யாதீர்கள், அந்த ஓட்டை வழியாகக் கல் வந்தால் உங்கள் காலுக்குத்தான் வரும். முதலில் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் நல்ல இரும்பு, 'டொக்' என்றால் உள்ளே அரித்திருக்கிறது. 'ணங்' வரும் இடம்வரை வெட்டி எடுத்துவிட்டு, 14 கேஜ் தகட்டை, அதாவது ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர் கனம், அந்த அளவுக்கே வெட்டிப் பொருத்தி வெல்டிங் செய்யுங்கள். மேலே ஒட்டுப்போட்டால் உள்ளே ஒரு பள்ளம் நிற்கும், அதில் ஈரப் புல் தங்கி மறுபடி அரிக்கும்.

டெக்கை வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோல் வாசனையே இல்லாத இடத்தில் செய்யுங்கள். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், அதன் புகை உடம்புக்குக் கெடுதல். முடித்ததும் உள்பக்கத்தைத் தேய்த்து மட்டமாக்கி, துரு தடுப்பு பெயிண்ட் இரண்டு கோட்டு அடியுங்கள்.

ஸ்பிண்டில் உட்கார்ற இடத்துலயே விரிசல். இதையும் ஒட்டலாமா?

சுற்றியுள்ள தகடு 'ணங்' என்று இருந்தால் ஒட்டலாம். விரிசலின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. விரிசல் நெடுகக் கிரைண்டரால் பள்ளம் எடுத்து, வெல்டிங்கால் நிரப்பி, மேலே ஒரு வலுவூட்டும் தகடு வையுங்கள். சூட்டில் அந்த இடம் நெளிந்தால் ஸ்பிண்டில் சாய்ந்துவிடும், பிளேடு ஒரு பக்கம் தாழ்ந்தே வெட்டும். அதனால் தூக்கிப்போட இருக்கும் பழைய ஸ்பிண்டில் கூட்டை அங்கே போல்ட் போட்டு இறுக்கிவைத்துக்கொண்டு, ஒரு அங்குலம் ஒட்டுவது, ஆறவிடுவது, எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று போங்கள். விரிசலைக் கொண்டுவந்தது பெரும்பாலும் அதிர்வுதான். சமநிலை இல்லாத பிளேடைச் சரிசெய்யாமல் ஒட்டினால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி கீறும்.

எல்லாம் மாத்தியாச்சு. ஆனா புல்வெளி படிக்கட்டு மாதிரி இருக்கு.

மட்டம் பார்க்கவில்லை. முதலில் டயர் காற்று. பல வண்டிகளில் முன்னே 14, பின்னே 10 பிஎஸ்ஐ. ஒரு டயர் இறங்கியிருந்தால் அதன் மேல் செய்யும் எந்த மட்டமும் பொய். பிறகு பிளேடு நுனியிலிருந்து தரைக்கு அளங்கள், டெக் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். இடமும் வலமும் 1/8 அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். முன் நுனி பின் நுனியைவிட 1/8 முதல் 1/4 அங்குலம் தாழ்ந்திருந்தால் பல வண்டிகளுக்குச் சரி. தொங்கு பின்களும் புஷ்களும் தேய்ந்திருந்தால் எவ்வளவு சரிசெய்தாலும் ஓட்டும்போது மாறிவிடும், அவற்றை முதலில் மாற்றுங்கள்.

புது ஸ்பிண்டில், புது பிளேடு, மட்டமும் பார்த்தாச்சு. இன்னும் உதறுது அண்ணா. இனி என்ன இருக்கு?

இதற்குத்தான் அதிகம் அலைந்திருக்கிறேன். மூன்றாவது பதிலில் சொன்னபடி வண்டியை முடக்கிவிட்டு, பிளேடின் நடு ஓட்டையைப் பாருங்கள். பல பிளேடுகளில் அது நட்சத்திர வடிவம், சிலதில் ஐந்து முனை, சிலதில் ஆறு. ஷாஃப்டின் நுனியிலும் அதே நட்சத்திரம் இருக்கும். எண்ணிக்கை மாறினாலோ, முனைகள் குழிகளில் இறங்காமல் மேலே ஏறி நின்றிருக்க போல்ட்டை இறுக்கியிருந்தாலோ, பிளேடு இறுக்கமாகவே தெரியும், ஆனால் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். முன்பு சொன்ன நுனி அளவை மறுபடி எடுத்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் காட்டிக்கொடுத்துவிடும்.

அது சரியாக இருந்தால் ஸ்பிண்டிலுக்கும் டெக்குக்கும் இடையில் பாருங்கள். பழைய பெயிண்ட் செதிளோ, துருத் தூளோ, காய்ந்த புல்லோ கொஞ்சம் மாட்டியிருந்தால்கூடக் கூடு சாய்ந்துவிடும். கடைசியாக இப்படி வந்த வண்டியில் நான்கு திருகையும் எடுத்துக் கூட்டைத் தூக்கியபோது, ஒரு ஓரத்தில் நகக்கண் அளவு வெல்டிங் சிதறல் ஒட்டிக்கொண்டிருந்தது. அரத்தால் நாலு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டு மாட்டினோம். உதறல் நின்றுவிட்டது.